இணையவழிக் கல்லூரி வகுப்பில் மாணவரை ஈடுபடுத்துவது எப்படி? விரிவுரையாளருக்கான முழுமையான வழிகாட்டி

மாலை 7 மணி வகுப்பு அது. பெங்களூரு அல்சூரில் என் வீட்டு மேசையின் முன் அமர்ந்து, பி.காம். நான்காம் பருவ மாணவர்களுக்கு அடக்கவிலைக் கணக்கியலை 50 நிமிடம் இடைவிடாமல் விளக்கினேன். திரையில் 62 வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பெயரின் முதலெழுத்து. முடிவில் "புரிந்ததா?" என்று கேட்டேன். சாட்டில் மூன்று "எஸ் சார்" வந்து விழுந்தன. நன்றி சொல்லிவிட்டு, வாசலில் மணி அடித்ததால் இணைப்பைத் துண்டிக்காமலே எழுந்து போனேன். கால் மணி நேரம் கழித்துத் திரும்பியபோது 11 வட்டங்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தும் பதில் இல்லை. கைபேசிகள் மட்டும் வகுப்பில் உட்கார்ந்திருந்தன.

அன்றிரவு என் பாடக்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். எந்த நிமிடத்தில் நான் என்ன சொல்ல வேண்டும் என்பது அதில் வரி வரியாக எழுதப்பட்டிருந்தது. அந்த 50 நிமிடத்தில் மாணவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. வகுப்பறையில் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் அங்கே முகங்கள் நமக்குச் செய்தி சொல்லும், கடைசி வரிசையின் சலசலப்பு பாடத்தின் வேகத்தைத் தானாகத் திருத்தும். இணையவழியில் அந்தச் செய்தி வருவதில்லை என்பதால், மாணவரின் வேலையை முன்கூட்டியே திட்டமிட்டு வைப்பவரின் வகுப்புதான் நடக்கிறது. கீழே உள்ள படிகள் அனைத்தும் இந்த ஒரு திருத்தத்திலிருந்து பிறந்தவை. முதன்முறையாக இணையவழிப் பாடமொன்றை ஏற்கும் விரிவுரையாளரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: பாடத்திட்டத்தைத் திறக்கும் முன் மாணவரின் நாளை அறிதல்

வகுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, கூகுள் ஃபார்மில் ஐந்து கேள்விகள் மட்டும் கொண்ட படிவம் ஒன்றை அனுப்ப வேண்டும். வகுப்பில் கலந்துகொள்ளப் பயன்படுத்தும் கருவி எது, அது சொந்தமானதா அல்லது தம்பி தங்கையோடு பகிர்ந்துகொள்வதா, இணையம் வீட்டு வைஃபையா கைபேசி டேட்டாவா, வகுப்பு நேரத்தில் எங்கே இருப்பீர்கள், பாடத்தைப் பற்றிப் பேச எந்த மொழி எளிது என்பவையே அந்தக் கேள்விகள். தந்தையின் வருமானம், மதிப்பெண், சாதி போன்ற எதையும் கேட்கக் கூடாது. படிவம் நீண்டால் பதில் பொய்யாகும்.

எனக்கு வந்த பதில்கள் என் கற்பனையில் இருந்த மாணவரை ஒரே நாளில் மாற்றிவிட்டன. லிங்கராஜபுரத்தில் அத்தையின் துணிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடி வகுப்பைக் கேட்பவர் ஒருவர். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் பெங்களூருக்கு வேலைக்கு வந்து, மாலையில் மாரிக்குப்பம் ரயிலில் திரும்பும்போது வகுப்பில் இணைபவர்கள் நால்வர்; 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பின் அந்த ஊரின் பல குடும்பங்களுக்கு அந்த ரயில்தான் பிழைப்பு. ஒசூரிலிருந்து இணையும் ஒரு பெண், அண்ணன் வேலையிலிருந்து திரும்பிய பிறகே தன் கைக்குக் கைபேசி வரும் என்று எழுதியிருந்தார்.

டேட்டா கணக்கையும் இங்கேயே போட்டுவிட வேண்டும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி தரும் திட்டத்தை நம்பியிருக்கும் மாணவருக்கு, படத்தரத்தைப் பொறுத்து ஒரு மணி நேர வீடியோ வகுப்பே ஏறத்தாழ ஒரு ஜிபியை விழுங்கிவிடக்கூடும். அதே நாளில் வேறு இரு ஆசிரியர்களும் வீடியோ வகுப்பு வைத்தால் மூன்றாவது வகுப்பில் அவர் இருக்க மாட்டார், அதற்கு அவரை நொந்து பயனும் இல்லை. துறை ஆசிரியர்கள் கூடிப் பேசி ஒரு நாளில் எத்தனை நேரலை வகுப்புகள் என்று வரம்பு வைத்துக்கொள்வதே இதற்குச் சரியான தீர்வு. எங்கள் துறையில் இதைச் செய்ய இரண்டு கூட்டங்களும் கொஞ்சம் மனத்தாங்கலும் தேவைப்பட்டன.

படி 2: ஒவ்வொரு வாரத்திற்கும் ஒரு செயலை எழுதுதல்

"அலகு 3: இறுதிநிலை அடக்கவிலை" என்று பாடத்திட்டத்தில் இருப்பதை அப்படியே வாரத் தலைப்பாக வைத்தால், அதைப் படித்து மாணவர் எதையும் செய்ய முடியாது. அதற்குப் பதிலாக, அந்த வார இறுதியில் அவரால் என்ன செய்ய முடியும் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும்: "ஒரு சிறு கடையின் செலவுகளை நிலையான செலவு, மாறும் செலவு என்று பிரித்து, அந்தக் கடை இலாபமும் நட்டமும் இல்லாமல் நடக்க ஒரு நாளில் எத்தனை விற்க வேண்டும் என்று கணக்கிடுவீர்கள்." வினைச்சொல் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக இருக்க வேண்டும். "அறிவீர்கள்", "உணர்வீர்கள்" என்பவற்றைச் சோதிக்க வழியில்லை.

வாக்கியம் தயாரானதும் அதற்கான சோதனையை முதலில் எழுதவும், பாடத்தைப் பிறகு எழுதவும். இந்தத் தலைகீழ் வரிசை தொடக்கத்தில் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் சோதனைக்குத் தேவைப்படாத பக்கங்கள் தாமாக உதிர்ந்துபோவதை இரண்டாம் வாரத்திலேயே காணலாம்.

படி 3: நேரலைக்கு எது, பதிவுக்கு எது என்று பிரித்தல்

நேரலை நேரம்தான் மாணவருக்கு மிக அதிகச் செலவு வைப்பது. அவர் டேட்டாவைச் செலவிடுகிறார், ஒரு இடத்தில் ஒரு நேரத்தில் இருந்தாக வேண்டியிருக்கிறது, தவறவிட்டால் அது போனதுதான். எனவே, ஒருவர் பேச மற்றவர் கேட்கும் பகுதி எதுவாக இருந்தாலும் அது பதிவுக்குப் போக வேண்டும். கேள்வி, தவறு, வாதம், திருத்தம் ஆகியவை நேரலைக்கு வர வேண்டும். வரையறைகளை வாய்விட்டு வாசிப்பதற்காக 60 பேரை இரவு 7 மணிக்குக் கூட்டுவது அவர்களின் நேரத்தைத் திருடுவதற்குச் சமம் என்பது என் கருத்து.

2017இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் ஸ்வயம் தளம் தன் பாடங்களை வீடியோ விளக்கம், வாசிப்புப் பகுதி, தன்மதிப்பீடு, விவாத மேடை என நான்கு பகுதிகளாகவே அமைக்கிறது. உங்கள் பாடத்தையும் இந்த நான்கு பெட்டிகளில் போட்டுப் பார்க்கலாம். பெரும்பாலான ஆசிரியர்களுக்கு முதல் பெட்டி நிரம்பி வழியும், கடைசி இரண்டும் காலியாக இருக்கும். மேலும், ஸ்வயம் தளத்திலோ ஐஐடிகளின் இணையப் பாடத்தளமான என்பிடெல்லிலோ அதே தலைப்பில் நல்ல விளக்கம் ஏற்கெனவே இருந்தால் அதை எடுத்துக்கொடுத்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தை மாணவரின் தவறுகளைப் பார்ப்பதில் செலவிடுவது அறிவுடைமை. எல்லாவற்றையும் நானே பேசிப் பதிய வேண்டும் என்ற ஆசையை விட எனக்கு ஒரு முழுப் பருவம் ஆயிற்று.

படி 4: பதிவு செய்தல்

2014இல் ஃபிலிப் குவோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத்தளத்தில் மாணவர்கள் வீடியோ பார்த்த 69 இலட்சம் அமர்வுகளை ஆராய்ந்தனர். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர் அதில் செலவிட்ட நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. பெரும் செலவில் ஸ்டூடியோவில் எடுத்த பதிவைவிட, ஆசிரியர் தம் மேசையில் அமர்ந்து இயல்பாகப் பேசிய பதிவு பல இடங்களில் மாணவரைக் கூடுதலாகப் பிடித்து வைத்தது என்பதும், தயார்நிலை ஸ்லைடுகளைவிடக் கையால் எழுதிக்கொண்டே விளக்குவது எடுபட்டது என்பதும் அதே ஆய்வில் கிடைத்தவை. நம்மைப் போன்ற சிறு கல்லூரிகளுக்கு இவற்றைவிட நல்ல செய்தி இல்லை.

நான் செய்வது இதுதான். நான்கு தடித்த புத்தகங்களை இரண்டு அடுக்காக வைத்து, அவற்றின் மேல் ஒரு மர அடிக்கோலைப் பாலம் போல் போட்டு, அதில் கைபேசியை ரப்பர் பேண்டால் கட்டிக் கீழ்நோக்கி வைக்கிறேன். கீழே கோடில்லாத தாள், கறுப்பு ஜெல் பேனா. கணக்கை எழுதிக்கொண்டே பேசுகிறேன். மாணவர் திரையில் என் கையையும் எண்களையும் மட்டுமே பார்க்கிறார். ஒரு பதிவில் ஒரே கருத்து. 6 நிமிடத்திற்குள் முடியாவிட்டால் அதில் இரண்டு கருத்துகள் ஒளிந்திருக்கின்றன என்று பொருள். நடுவில் ஓரிடத்தில் "இங்கே நிறுத்தி, அடுத்த வரியை நீங்கள் உங்கள் நோட்டில் எழுதுங்கள்" என்று சொல்லி ஐந்து விநாடி மௌனமாக இருக்கிறேன்.

படத்தைவிட ஒலிக்கு அதிகக் கவனம் தேவை. மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்ளும் மாணவர், கரகரக்கும் குரலை இரண்டு நிமிடத்தில் மூடிவிடுவார். மின்விசிறியை நிறுத்தி, இயர்போன் மைக்கைச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டால் போதும். குக்கர் விசில் பதிவில் விழுந்துவிட்டால் அதற்காக மீண்டும் பதிய வேண்டியதில்லை. அன்றைய பதிவைத்தான் என் மாணவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

ஒவ்வொரு பதிவுடனும், அதில் எழுதிய தாளின் புகைப்படத்தைப் பிடிஎஃப் ஆக்கி இணைக்க வேண்டும். ரயிலில் சிக்னல் விட்டுவிட்டு வரும் மாணவருக்கு 200 கேபி அளவுள்ள அந்தத் தாள்தான் பாடம். பார்வைக் குறைபாடுள்ள மாணவர் வகுப்பில் இருந்தால் புகைப்படம் மட்டும் பயன்படாது, தட்டச்சு செய்த உரை வேண்டும், கணக்கு எழுதும்போது ஒவ்வொரு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

படி 5: முதல் வாரத்தில் ஒருவரையொருவர் அறிதல்

கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகிய மூவரும் 2000இல் முன்வைத்த கருத்தாக்கம் ஒன்று இணையவழிக் கல்வியில் இன்றும் பேசப்படுகிறது. கற்பிப்பவரின் இருப்பு, சிந்தனையின் இருப்பு ஆகியவற்றோடு, அங்கே உண்மையான மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற சமூக இருப்பும் சேர்ந்தால்தான் கற்றல் நிகழும் என்பது அதன் சாரம். நம்மவர்கள் மூன்றாவதை நேரவிரயம் என்று தள்ளிவிடுவதுண்டு. முன்பின் தெரியாத 60 பேர் நடுவே தன் தவறை வெளிக்காட்ட எந்த மாணவரும் முன்வர மாட்டார் என்பதை எண்ணிப் பார்த்தால், ஒருவரையொருவர் அறியச் செலவிடும் நேரம் வீணல்ல என்பது விளங்கும்.

முதல் வார வேலையாக ஒரு புகைப்படமும் இரண்டு வரிகளும் கேட்கிறேன்: தங்கள் தெருவில் உள்ள ஒரு சிறு வியாபாரத்தின் படம், அந்த வியாபாரிக்குத் தினமும் வரும் ஒரு செலவு. ஸ்ரீராமபுரத்துப் பூக்கடை, சிவாஜிநகர்ப் பழைய இரும்புக்கடை, தங்கவயல் டீக்கடை என்று 50 படங்கள் வந்து சேர்ந்தால், பருவம் முழுவதற்கும் எடுத்துக்காட்டுகள் கிடைத்துவிடும். தன் முகத்தைக் காட்டக் கூச்சப்படும் மாணவரும் கடையைக் காட்டக் கூச்சப்படுவதில்லை.

மொழியைப் பற்றி ஒரு சொல். பாடநூலும் தேர்வும் ஆங்கிலத்தில் இருந்தாலும், சிந்தனை வீட்டு மொழியில்தான் ஓடுகிறது. ஆகவே சாட்டில் எந்த மொழியிலும் எழுதலாம் என்று முதல் நாளே அறிவித்துவிடுகிறேன். ஆனால் இதில் நான் தவறும் செய்திருக்கிறேன். தங்கவயல் மாணவர் ஒருவர் தமிழில் கேட்ட சந்தேகத்திற்கு உற்சாகம் மேலிட்டு ஐந்து நிமிடம் தமிழிலேயே விளக்கிக்கொண்டு போனேன். முடித்ததும் ஒரு மாணவி மைக்கைத் திறந்து, "நமகூ ஹேளி சார்" என்றார். எங்களுக்கும் சொல்லுங்கள் என்று அந்தப் பெண் கன்னடத்தில் கேட்டதில் கோபம் எதுவும் இல்லை, ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அதன் பிறகு, எந்த மொழியில் கேள்வி வந்தாலும் அதைப் பொதுமொழியில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் தொடங்குகிறேன்.

படி 6: நேரலை வகுப்பை நடத்துதல்

50 நிமிட வகுப்பு ஒன்றை அருகிலிருந்து பார்ப்போம். தலைப்பு, இலாப நட்டமில்லாப் புள்ளி. மாணவர்கள் இரண்டு சிறு பதிவுகளை முன்பே பார்த்திருக்க வேண்டும். பார்க்காதவர்களும் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம் அனைவரும் நோட்டில் ஒரு வரி எழுதுகிறார்கள்: நிலையான செலவுக்கு ஒரு எடுத்துக்காட்டு, மாறும் செலவுக்கு ஒரு எடுத்துக்காட்டு. பிறகு அதையே சாட்டில் தட்டச்சு செய்யச் சொல்கிறேன், ஆனால் நான் சொல்லும்வரை அனுப்பக் கூடாது. மூன்று எண்ணி "அனுப்புங்கள்" என்றதும் நாற்பது பதில்கள் ஒரே நேரத்தில் கொட்டுகின்றன. முதலில் பதில் சொன்ன கெட்டிக்காரரைப் பார்த்து மற்றவர்கள் எழுதும் வழக்கம் இதனால் அறுபடுகிறது.

அடுத்து ஒரு கணக்கு. ஏரிக்கரைப் பக்கம் தள்ளுவண்டியில் இட்லி விற்பவருக்கு வண்டி வாடகை, உதவியாள் கூலி என ஒரு நாளைக்கு 600 ரூபாய் நிலையான செலவு. ஒரு பிளேட் இட்லி 30 ரூபாய். மாவு, சட்னி, சாம்பார், கேஸ், இலை எல்லாம் சேர்ந்து ஒரு பிளேட்டுக்கு 18 ரூபாய் ஆகிறது. கைக்காசு போகாமல் இருக்க எத்தனை பிளேட் விற்க வேண்டும்? விடைகளாக 20, 34, 50 என்ற மூன்றைக் கொடுத்து வாக்கெடுப்பு வைக்கிறேன். தவறான விடைகளைச் சும்மா போடக் கூடாது. 600ஐ 30ஆல் வகுப்பவர் 20க்கும், 18ஆல் வகுப்பவர் 34க்கும் போவார். எந்த விடையைத் தேர்ந்தார் என்பதிலிருந்தே அவர் எங்கே வழி தவறினார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

முதல் வாக்கெடுப்பில் பாதிப்பேருக்கு மேல் 20ஐத் தேர்ந்தார்கள். இந்த இடத்தில் சரியான விடையைச் சொல்லிவிட எல்லா ஆசிரியருக்கும் நாக்கு துடிக்கும். சொல்லக் கூடாது. ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களில் பரவலாக்கிய சகமாணவர் கற்பித்தல் முறை இங்கேதான் கைகொடுக்கிறது: ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாகச் சொல்லியிருந்தால் மாணவர்களையே வாதிட விட வேண்டும், அதற்கும் குறைந்தால் நாம் மீண்டும் விளக்க வேண்டும், கூடினால் அடுத்ததற்குப் போக வேண்டும்.

எனவே நான்கு பேர் கொண்ட பிரேக்அவுட் அறைகளுக்கு, அதாவது வகுப்புக்குள்ளேயே பிரியும் சிறு குழு அறைகளுக்கு, ஏழு நிமிடம் அனுப்புகிறேன். வெறுமனே "விவாதியுங்கள்" என்று அனுப்பினால் ஏழு நிமிடமும் நான்கு மௌனமான வட்டங்கள்தான் இருக்கும். பெயர் வரிசையில் முதலில் வருபவர் பேச்சைத் தொடங்க வேண்டும், கடைசியில் வருபவர் குழுவின் விடையையும் ஒரு வரிக் காரணத்தையும் எழுத வேண்டும் என்று அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும். நான் ஓர் அறைக்குள் சத்தமில்லாமல் நுழைந்தபோது ஒரு மாணவர் மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "இருபது பிளேட் வித்தா அறுநூறு வரும், சரி. மாவுக்கடைக்காரருக்கு யார் குடுப்பா?" விலையில் மாறும் செலவு போக மிஞ்சுவதுதான் பங்களிப்பு; அந்தக் கருத்தை என் இருபது ஆண்டு விளக்கங்களில் ஒன்றுகூட இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. திரும்பி வந்து நடத்திய இரண்டாம் வாக்கெடுப்பில் பெரும்பான்மை 50க்கு மாறியிருந்தது. அந்த மாணவரின் கேள்வியையே திரையில் எழுதி, 30இல் 18 போக மிஞ்சும் 12 ரூபாய்தான் 600ஐ அடைக்கிறது என்று இரண்டே நிமிடத்தில் முடித்தேன்.

கேள்வி கேட்டபின் காத்திருப்பது தனிக் கலை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடியாக நீட்டினாலே பதில்கள் நீள்கின்றன, பதில் சொல்வோரும் கூடுகிறார்கள் என்றும் காட்டினார். இணையத்தில் மைக்கைத் திறக்கவே சில விநாடி ஆகும் என்பதால் பத்து விநாடியாவது வேண்டும். திரையின் மௌனம் தாங்க முடியாததாக இருக்கும். நான் ஒரு டம்ளர் தண்ணீரை அருகில் வைத்துக்கொண்டு, கேள்வி கேட்டதும் மெதுவாக இரண்டு வாய் குடிக்கிறேன்.

கடைசி ஐந்து நிமிடத்தில் மாணவர் நோட்டைப் புகைப்படம் எடுத்து அனுப்புகிறார். என்னைப் பொறுத்தவரை அதுதான் வருகைப்பதிவு.

படி 7: கேமராவைக் கட்டாயப்படுத்தாதிருத்தல்

கேமராவைத் திறக்காதவருக்கு அட்டெண்டன்ஸ் இல்லை என்று சொல்லும் ஆசிரியர்களின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒற்றை அறை வீட்டில், பின்னால் அம்மா துணி மடிக்க, படுத்திருக்கும் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் பெண்ணுக்கு அந்த விதி தண்டனையாகிவிடுகிறது. மேலும், ஸ்டான்ஃபோர்டின் ஜெரெமி பெய்லன்சன் 2021இல் எழுதியபடி, நெருக்கத்தில் பல கண்கள் நம்மை நோக்குவதும், நம் முகத்தையே நாம் இடைவிடாது பார்ப்பதும், அசையாமல் உட்கார வேண்டியிருப்பதும், சைகைகளைப் புரிந்துகொள்ளக் கூடுதலாக உழைக்க வேண்டியிருப்பதும் சேர்ந்து வீடியோ கூட்டங்களைச் சோர்வுக்குரியவை ஆக்குகின்றன. குழு அறையில் மட்டும் விரும்பினால் திறக்கலாம் என்று விட்டபோது, எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் தாமாகத் திறந்தார்கள்.

படி 8: வகுப்புக்கு வெளியே உரையாடலை வைத்திருத்தல்

"இறுதிநிலை அடக்கவிலையின் நன்மைகளை விவாதிக்கவும்" என்று மூடில் என்ற பாடத்தளத்திலோ கூகுள் கிளாஸ்ரூமிலோ போட்டால், ஒரே பத்தியின் 60 நகல்கள் வரும். விவாதக் கேள்விக்கு இரண்டு நியாயமான பதில்கள் இருக்க வேண்டும். "மாலை நேரத்தில் மிஞ்சும் இட்லியை 20 ரூபாய்க்குக் கொடுத்தால் அந்தக் கடைக்காரருக்கு இலாபமா நட்டமா? உங்கள் தெருக் கடைக்காரர் ஒருவரிடம் கேட்டு எழுதவும்" என்று கேட்டபோது, மிச்சத்தைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் நாளை முழு விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள் என்று ஒரு பூக்காரம்மா சொன்னதாக வந்த பதிலிலிருந்து ஒரு முழு வகுப்பே பிறந்தது.

வாட்ஸ்அப் குழு வசதியானதுதான், ஆனால் அதில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். மாணவிகளுக்கு அதனால் வரும் தொல்லையை நான் தாமதமாகவே அறிந்தேன். அறிவிப்பு மட்டும் வாட்ஸ்அப்பில், உரையாடல் முழுதும் கல்லூரித் தளத்தில் என்று இப்போது பிரித்துவிட்டேன். இரவு 9 மணிக்குப் பிறகு நானும் எதையும் அனுப்புவதில்லை.

படி 9: சிறு சிறு சோதனைகளும் விரைவான மறுமொழியும்

ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மட்டும் திரும்பப் படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். தேர்வுக்கு முந்தின இரவு மட்டும் படிப்பவர் ஏமாறும் இடம் அதுதான். ஆகவே இண்டர்னல் மதிப்பெண்ணை இரண்டு பெரிய தேர்வுகளில் குவிக்காமல், வாரம் ஐந்து கேள்விகளாகப் பிரித்துவிடலாம். அவற்றில் இரண்டு கேள்விகள் கட்டாயம் பழைய வாரங்களிலிருந்து வர வேண்டும். மிகக் குறைந்த இரண்டு வார மதிப்பெண்களை விட்டுவிடுவதாக முன்பே சொல்லிவிட்டால், மின்தடை, ரயில் தாமதம் என்ற வேண்டுகோள்கள் ஏறத்தாழ நின்றுபோகும்.

சாட்ஜிபிடி வந்த பிறகு வீட்டில் எழுதும் கட்டுரைக்குப் பொருள் குறைந்துவிட்டது. தடை விதித்து நான் கண்ட பலன் ஒன்றுமில்லை. மாணவர் தாமே திரட்டிய எண்களைக் கணக்கின் மூலமாக்கி, சமர்ப்பித்தபின் மூன்று நிமிட வாய்மொழித் தேர்வு வைக்கிறேன்: "இந்தக் கேஸ் செலவை ஏன் மாறும் செலவில் வைத்தீர்கள்?" தாமே செய்தவர் உடனே வாதிடுவார். 60 பேருக்கு மூன்று மணி நேரம் ஆகிறது என்பது உண்மை. அதை இரண்டு வாரங்களுக்குப் பரப்பிக்கொள்கிறேன்.

திருத்திய விடைத்தாளுக்கு ஒரு நிமிடக் குரல்பதிவு போதும். பெயரைச் சொல்லித் தொடங்கி, சரியாகச் செய்த ஒன்றையும் அடுத்து மாற்ற வேண்டிய ஒன்றையும் மட்டும் சொல்ல வேண்டும். மூன்று நாளுக்குள் போய்ச் சேராத மறுமொழியை மாணவர் கேட்பதில்லை.

படி 10: காணாமற்போகும் மாணவரைத் தேடுதல்

இரண்டாம் வார இறுதியில், தளத்தின் பதிவேட்டில் யார் ஒரு வேலையும் சமர்ப்பிக்கவில்லை என்று பாருங்கள். குழுவில் பெயர் போட்டு எச்சரிப்பது மிக மோசமான வழி; தனியாக அழைத்துப் பேச வேண்டும். "ஏன் வரவில்லை?" என்று தொடங்கினால் "நெட்வொர்க் இல்லை சார்" என்பதோடு உரையாடல் முடிந்துவிடும். ஒருமுறை நான் வேறு விதமாகத் தொடங்கினேன்.

"தம்பி, உங்க டீக்கடைப் படம் நல்லா இருந்துச்சு. அதை வச்சு அடுத்த வாரம் ஒரு கணக்குப் போடலாம்னு இருக்கேன். கேட்கத்தான் கூப்பிட்டேன்."

சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு, "சார், இப்ப நைட் ஷிப்ட் மாத்திட்டாங்க. ஏழு மணிக்கு உள்ள போயிடணும், போனை வெளியவே வாங்கி வச்சுக்குவாங்க" என்றார்.

அவருக்காக வகுப்பு நேரத்தை மாற்ற முடியவில்லை. நேரலை வேலைகளைக் காலை 8 மணிக்குள் நோட்டில் செய்து அனுப்பினால் போதும் என்றும், ஞாயிறு மாலை 20 நிமிடம் அவரோடும் அவரைப் போன்ற மூவரோடும் பேசுவது என்றும் முடிவு செய்தோம். துறைத்தலைவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டேன். இதைச் செய்யாவிட்டால் வருகைப்பதிவுக் கணக்கு பின்னால் தொல்லை தரும்.

படி 11: இடையூறுகளுக்கு முன்னேற்பாடு

லேப்டாப்பில் முழுச் சார்ஜ், கைபேசி ஹாட்ஸ்பாட், அச்சிட்ட பாடக்குறிப்பு ஆகிய மூன்றும் கையருகே இருக்க வேண்டும். கல்லூரிக் கணக்கு இல்லாமல் இலவசமாகப் பயன்படுத்துவோர் ஜூமில் 40 நிமிடம், கூகுள் மீட்டில் மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் இருந்தால் 60 நிமிடம் என்ற வரம்பை நினைவில் கொள்ளவும். "பத்து நிமிடத்தில் நான் திரும்பாவிட்டால் பக்கம் 14இல் உள்ள இரண்டாம் கணக்கைச் செய்து அனுப்புங்கள்" என்ற நிரந்தர விதி ஒன்று இருந்தால், என் வீட்டில் மின்சாரம் போனாலும் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்.

படி 12: நான்காம் வாரத்தில் கேட்டறிதல்

பருவ இறுதியில் வாங்கும் கருத்துப்படிவம் அடுத்த ஆண்டு மாணவருக்குத்தான் பயன்படும். நான்காம் வாரத்தில் பெயர் கேட்காத படிவத்தில் மூன்றே கேள்விகள் கேட்க வேண்டும்: எது உங்களுக்கு உதவுகிறது, எது தடையாக இருக்கிறது, அடுத்த வாரமே மாற்றக்கூடிய ஒன்று எது. வந்த பதில்களை அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் படித்துக்காட்டி, எதை மாற்றுகிறேன், எதை ஏன் மாற்ற முடியாது என்று சொல்லிவிட வேண்டும். சென்ற பருவத்தில் 17 பேர் ஒரே குறையை எழுதியிருந்தார்கள்: வாக்கெடுப்பு முடிவை நான் திரையில் காட்டியபோது, தவறாகச் சொன்னவர்கள் குறைவாக இருந்தால் அது யாரென்று ஊகித்துக் கேலி செய்கிறார்களாம். அன்று முதல் இரண்டாம் வாக்கெடுப்பு முடியும்வரை எந்த எண்ணையும் காட்டுவதில்லை.